வெள்ளையை விட்டு வரைதல்: ஐந்து குவளை, ஒரு கெண்டி

ஐந்து குவளை, ஐந்து பறவை, கூடவே ஒரு தேநீர்க் கெண்டி. திட்டம் இவ்வளவுதான். ஜப்பானில் தேநீர்க் குவளைகளை ஐந்தைந்தாகத்தான் செட் சேர்ப்பார்கள் என்பதால் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்க எதுவும் இல்லை. எந்தப் பறவைகள் என்பதில்தான் நேரம் போயிற்று.

வேலை நடந்தது ஐச்சி மாநிலத்தில் இருக்கும் செத்தோ என்னும் ஊரில், ஒரு மண்பாண்ட வகுப்பில். நகோயாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஜப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்களில் ஒன்று. இங்கே கிடைக்கும் களிமண்ணில் இரும்பு குறைவு, அதனால் சுட்டால் வெள்ளையாக வரும். ஆனாலும் பீங்கான் செய்யும் வித்தை இந்த ஊருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. காதோ தமிகிச்சி என்பவர் கியூஷு தீவுக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்று 1807இல் திரும்பி வந்தார். அவரை இங்கே தெய்வமாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள். செப்டம்பரில் அவர் பெயரைச் சொல்லி நடக்கும் மண்பாண்டத் திருவிழாவில் மழை பெய்தே தீரும் என்பது ஊர்ப் பேச்சு. தொழிலைக் கற்றுக்கொண்டு வரும்போது அவர் கியூஷுவில் விட்டுவிட்டு வந்த மனைவியின் கண்ணீராம் அது.

பீங்கான் வித்தை வந்ததும் அந்த வெள்ளையின்மேல் நீலத்தில் வரைவது இந்த ஊரின் அடையாளமாயிற்று. செத்தோவின் பழைய நீலச் சித்திரங்களில் பூ, பூச்சி, பறவை எல்லாம் சீன ஓவியச் சாயலில் மெல்லிய தூரிகையால் வரையப்பட்டிருக்கும். பறவை வரைந்த பாண்டத்துக்கு ஜப்பானில் வேறு மரபுகளும் உண்டு. கியூஷுவின் பீங்கான் ஊரான அரித்தாவின் காகியேமோன் பாணிக் காடைகளை 18ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் மைசன் ஆலை பார்த்து வரைந்திருக்கிறது. அலைமேல் பறக்கும் உப்புக்கொத்தி என்னும் வடிவம் கிண்ணம், துணி, விசிறி என்று எங்கும் இருக்கும். ஆனால் அதில் பறவை ஒரு முத்திரை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வேண்டியது பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் நிஜமாக வந்து உட்காரும் பறவை.

பட்டியலைச் சுருக்க ஒரு விதி வைத்துக்கொண்டேன். கிளேஸுக்கு, அதாவது சுட்டதும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் பூச்சுக்கு, அடியில் வரையும்போது வெள்ளை நிறம் என்று தனியாக ஒன்றைப் பூசுவதைவிட, களிமண்ணின் வெள்ளையை அப்படியே விடுவதுதான் சுத்தமாக வரும். ஆகவே, ஒரு வெள்ளைக் குறியை வைத்தே அடையாளம் தெரிகிற பறவைகளாகத் தேடினேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள மெஜிரோ, நம் ஊர் வெள்ளைக்கண்ணியின் உறவுக்காரப் பறவை. வெள்ளைக் கன்னம் உள்ள ஷிஜூகரா, நம் பட்டாணிக்குருவிக்குப் பங்காளி. குளிர்காலத்தில் வந்து போகும் ஜோபிதாகிக்குக் கறுப்புச் சிறகில் ஒரு வெள்ளைத் திட்டு. மீன்கொத்திக்குக் கழுத்தோரம் வெள்ளை. ஐந்தாவது சிட்டுக்குருவி.

சிட்டுக்குருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக் கூரையில் கூடு கட்டுகிற குருவி வேறு இனம், ஜப்பான் ஊர்களில் திரிகிற குருவி வேறு இனம். நம் ஆண் குருவிக்கு உச்சந்தலை சாம்பல். இங்கே ஆண், பெண் இரண்டுக்கும் தலை முழுக்கச் செம்பழுப்பு, வெள்ளைக் கன்னத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டு இல்லாமல் வரைந்தால் இங்கே யாரும் அதைக் குருவி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த குருவியைக் கை தானாக வரையப் போகும். அதனால் குருவிக்கு மட்டும் படத்தை எதிரே ஒட்டிவைத்துக்கொண்டேன்.

களிமண் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடுத்தது அரைப் பீங்கான் மண். முழுப் பீங்கான் மண் சக்கரத்தில் கொஞ்சமும் வளைந்து கொடுக்காது, கைப்பழக்கம் நிறைய வேண்டும். அரைப் பீங்கான் கொஞ்சம் மன்னிக்கும், வெள்ளையும் போதுமான அளவுக்கு இருக்கும். சூளை முடியும்போது சுமார் 13 சதவீதம் சுருங்கும் என்பதால் 8.5 செ.மீ. உயரத்தில் வனைந்தால் கையில் கிடைப்பது 7.4 செ.மீ. இந்தச் சுருக்கத்தில் பெரும்பகுதி இரண்டாவது சூட்டில்தான் நடக்கிறது. வரைவதோ முதல் சூட்டுக்கும் இரண்டாவது சூட்டுக்கும் நடுவில். எனவே பறவையும் சேர்ந்தே சுருங்கும். 4 செ.மீ. நீளத்துக்கு வரைந்த மெஜிரோ அதைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் வரும். கோடுகளும் மெலியும். வரையும்போது கண்ணுக்குக் கொஞ்சம் தடிமனாகத் தெரிகிற கோடுதான் கடைசியில் சரியாக இருக்கும்.

கெண்டி, அதாவது க்யூசு, வேறு ரகமான வேலை. உடல், மூக்கு, பக்கவாட்டுக் கைப்பிடி, மூடி என்று நான்கையும் தனித்தனியாக வனைந்து, பாதி காய்ந்த பதத்தில் களிமண் கூழ் தடவி ஒட்ட வேண்டும். மூக்குக்குப் பின்னால் உடலில் ஊசித் துளைகள் போட்ட மெல்லிய களிமண் தகடு வடிகட்டியாக உட்காரும். மூக்கின் நுனி உடலின் வாய்மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் கெண்டி நிரம்புவதற்கு முன்பே மூக்கு வழியாகத் தண்ணீர் ஒழுகும். கைப்பிடியும் மூக்கும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும். வலது கையால் பிடித்து, கட்டைவிரலால் மூடியை அழுத்தி, மணிக்கட்டை இடது பக்கம் சாய்த்தால் தேநீர் விழும். படம் எங்கே வர வேண்டும் என்பதையும் இந்தப் பிடிதான் முடிவு செய்கிறது. ஊற்றுகிறவருக்குத் தெரிவது கைப்பிடிப் பக்கம், எதிரே இருக்கும் விருந்தாளிக்குத் தெரிவது மறுபக்கம். படம் விருந்தாளிக்கு. குவளைக்கும் இதே மரியாதைதான். படம் உள்ள பக்கம் குடிக்கிறவரைப் பார்த்து இருக்கும்படி வைப்பார்கள்.

எல்லாம் காய்ந்ததும் 800 டிகிரியில் முதல் சூடு. அதற்கப்புறம் வருவது ஒரு வகை ஓடு. வெளிறிய நிறம், விரலை வைத்தால் ஈரத்தை உறிஞ்சும். இதன்மேல்தான் வரைய வேண்டும். காகிதம் மாதிரி நினைத்து உட்கார்ந்தால் கதை கந்தல். தூரிகை பட்ட நொடியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கோட்டை இழுத்துக்கொண்டே போக விடாது. நடுவில் நின்று யோசித்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி பெருத்துவிடும். கையில் இருக்கும் எண்ணெய்ப் பசை பட்டாலும் போச்சு, அங்கே நிறம் ஏறாது, கிளேஸும் ஒட்டாது. முதலில் ஈரப் பஞ்சால் தூசியைத் துடைத்துவிட்டு அடிவளையத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

உருவத்தை மாற்றிப் பதிக்க அரித்தா பக்கத்தில் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். மெல்லிய காகிதத்தில் சுரைக்காய் ஓட்டுக் கரியால் வரைந்து, அதை ஓட்டின்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் கோடு பதியும். ஒரே காகிதத்தில் பல குவளைகளுக்குப் பதிக்கலாம். கரி சூளையில் எரிந்து போய்விடும், தடம் இருக்காது. எனக்கு ஒவ்வொரு குவளையிலும் வேறு பறவை என்பதால் சாதாரணப் பென்சிலே போதுமாக இருந்தது. அதுவும் எரிந்து போகும்.

நீலத்துக்கு கோசு. கோபால்ட்டோடு இரும்பும் மாங்கனீசும் கலந்த பொடி. வெறும் கோபால்ட் ஆக்சைடு கண்ணைக் குத்துகிற நீலமாக வரும், கூடவே இருக்கும் இரும்பும் மாங்கனீசும் அதை அடக்குகின்றன. இதைத் தண்ணீரில் குழைப்பதில்லை, தேநீரில்தான். பான்ச்சா என்னும் மலிவான தேயிலையை நன்றாகக் கொதிக்கவைத்து, கறுப்பாக வற்றிய டிகாக்ஷனில் அரைப்பார்கள். ஏன் என்று கேட்டபோது சென்செய், அதாவது வகுப்பின் ஆசிரியர், விளக்கம் எதுவும் சொல்லாமல் இரண்டு ஓட்டுத் துண்டுகளைக் கையில் கொடுத்தார். ஒன்றில் தண்ணீரில் குழைத்த கோசு, இன்னொன்றில் தேநீரில் குழைத்தது. தண்ணீர்க் கோடு ஓரங்களில் கசிந்து முடிமுடியாகப் பரவியிருந்தது, காய்ந்ததும் விரலில் பொடியாக ஒட்டியது. தேநீர்க் கோடு போட்ட இடத்திலேயே நின்றது, தேய்த்தாலும் லேசில் வரவில்லை. தேநீரில் இருக்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் செய்கிற வேலை அது. பொடி சட்டென்று அடியில் தங்காமல் மிதக்கவும் உதவுகிறது. தேநீர்க் குவளையில் தேநீராலேயே வரைகிறோம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

மற்ற நிறங்களுக்குக் கடையில் கிடைக்கும் சூளை நிறப்பொடிகள். இங்கே ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: மேலே போடப்போகும் கிளேஸில் துத்தநாகம் உண்டா? மெஜிரோவின் பச்சை குரோமியத்திலிருந்து வருவது. துத்தநாகம் உள்ள கிளேஸுக்கு அடியில் குரோமியப் பச்சை பழுப்பாகத் திரும்பிவிடும். தகரம் சேர்த்த வெள்ளைக் கிளேஸ் பக்கத்தில் இருந்தால் அந்த வெள்ளையைக் குரோமியம் இளஞ்சிவப்பாக்கிவிடும். வகுப்பில் இருந்தது சுண்ணாம்பு அடிப்படையிலான நிறமற்ற கிளேஸ். அதனால் பச்சைக்கு ஆபத்து இல்லை.

கிளேஸுக்கு மேலே வரைந்து 800 டிகிரி வாக்கில் மூன்றாவது முறை சுடும் வழியும் உண்டு. காகியேமோன் சிவப்பெல்லாம் அப்படி வந்ததுதான். மீன்கொத்தியின் வயிறும் ஜோபிதாகியின் வயிறும் அதில் இன்னும் பிரகாசமாக வரும். ஆனால் தினமும் தேய்த்துக் கழுவுகிற குவளையில் மேல்பூச்சு காலப்போக்கில் தேயும். பழைய மேல்பூச்சு நிறங்களில் ஈயமும் உண்டு. அலமாரியில் வைக்கிற தட்டு என்றால் சரி. உதட்டில் படுகிற பாத்திரத்துக்குக் கிளேஸின் அடியில் வரைவதுதான் எனக்கு ஒத்துவருகிறது.

சரி, பறவைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் முக்கியமான வேலை அந்த வெள்ளையைக் காப்பாற்றுவது. அதற்கு மூன்று வழிகளைத் துண்டு ஓடுகளில் பார்த்தேன். மெழுகுத் திரவம் தடவினால் நிறம் ஏறாது, ஆனால் கிளேஸும் ஏறாது. சூளையில் மெழுகு எரிந்ததும் அந்த இடம் மொட்டை ஓடாக நிற்கும். அடிவளையத்துக்கு அது சரி, பறவையின் கன்னத்துக்கு ஆகாது. ரப்பர் பால் தடவினால் நிறம் காய்ந்த பிறகு நகத்தால் உரித்து எடுத்துவிடலாம், பெரிய திட்டுகளுக்கு இதுதான் சரி. மூன்றாவது, மொத்தமாக நிறத்தைப் பூசிவிட்டு ஊசியால் சுரண்டி வெள்ளையை வெளியே கொண்டுவருவது.

மெஜிரோவின் கண் வளையம் ஊசிக்கென்றே அமைந்தது. தலை முழுக்கப் பச்சையைப் பூசி, நடுவில் கறுப்புப் புள்ளி வைத்து, காய்ந்த பிறகு தையல் ஊசியைக் குச்சியில் கட்டி அந்தப் புள்ளியைச் சுற்றிச் சுரண்ட வேண்டும். வளையத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நிஜப் பறவையின் வளையம் முழு வட்டம் இல்லை, அலகுப் பக்கம் ஒரு சிறு இடைவெளி இருக்கும், அங்கே கறுப்புக் கோடு ஒன்று அலகை நோக்கி ஓடும். அந்த இடைவெளியை விட்டதும்தான் கண் பார்க்க ஆரம்பிக்கிறது. முழு வட்டமாகச் சுரண்டிய சோதனை ஓட்டில் பறவை எதையோ கண்டு திகைத்துப் போன மாதிரி இருந்தது. சுரண்டிய தூளை வாயால் ஊதக் கூடாது. எச்சில் தெறிக்கும், குரோமியப் பொடி மூக்கில் ஏறும். கேமரா லென்ஸ் துடைக்கும் ரப்பர் பந்தால் ஊதினேன்.

மெஜிரோவை உமே என்னும் ஜப்பானியப் பிளம் மரத்தின் பூங்கிளையில் உட்காரவைத்தேன். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அடடே, உகுயிசு!" என்றார். இந்தக் குழப்பம் ஜப்பான் முழுக்க இருக்கிறது. உமேயும் உகுயிசுவும் கவிதையிலும் ஓவியத்திலும் பிரியாத ஜோடி. ஆனால் உகுயிசு மங்கலான பழுப்புப் பறவை, புதருக்குள் ஒளிந்துகொண்டு பாட்டு மட்டும் பாடும். பிப்ரவரியில் பூவுக்குள் தலையை நுழைத்துத் தேன் குடிக்கிற பச்சைப் பறவை மெஜிரோதான். நான் கண் வளையத்தைச் சுட்டிக் காட்டினேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "உமேயில் உட்கார்ந்தால் உகுயிசுதான்" என்று முடித்துவிட்டார். மரபோடு வாதாட முடியாது.

மீன்கொத்தியை யாதா ஆற்றங்கரையில் பார்த்து வரைந்தேன். அது நம் ஊர்க் குளக்கரைகளிலும் இருக்கிற அதே சின்ன நீல மீன்கொத்தி, அதே இனம். முதுகு நீலத்துக்கு கோசு கொஞ்சமும் ஒத்துவராது, இருண்டு போகும். வனேடியம் கலந்த ஜிர்கான் நீலம்தான் அந்தப் பச்சை கலந்த வெளிர்நீலத்துக்குக் கிட்டே வருகிறது. நிஜப் பறவையின் முதுகில் நீல நிறப்பொருளே கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நீலம் அது. வயிற்று ஆரஞ்சு மட்டும்தான் உண்மையான நிறப்பொருள். குவளையில் இரண்டுமே பொடிதான். ஆரஞ்சுக்கு இரும்பு சேர்ந்த ஜிர்கான் பவள நிறத்தையும் பிரசியோடிமியம் மஞ்சளையும் கலந்தேன். அலகு முழுக்கக் கறுப்பாக இருந்தால் ஆண், கீழ் அலகு செம்மஞ்சளாக இருந்தால் பெண். நான் வரைந்தது பெண். கழுத்தோர வெள்ளையை ரப்பர் பாலில் காப்பாற்றினேன்.

ஷிஜூகராவும் ஜோபிதாகியும் சுலபம். முன்னதற்குத் தொண்டையிலிருந்து வால் அடிவரை இறங்கும் கறுப்புப் பட்டையை ஆணுக்கு அகலமாகப் போட வேண்டும், அவ்வளவுதான். ஜோபிதாகிக்கு வெள்ளி நிறத் தலை வேண்டும். நீர்த்த கோசுவில் துளி கறுப்புச் சேர்த்தால் கிடைத்துவிடுகிறது.

கெண்டியைச் சுற்றிப் போனது எனகா என்னும் குட்டிப் பறவை. உருண்டை உடம்பு, உடம்பைவிட நீளமான வால். நினைவுப் பொருள் கடைகளில் எல்லாம் முகம் முழுக்க வெள்ளையாக ஒரு எனகா விற்கிறார்களே, அது வடக்குத் தீவான ஹொக்காய்தோவின் கிளையினம். ஐச்சியில் இருப்பதற்குக் கண்ணுக்கு மேல் கறுத்த புருவம் உண்டு. நான் புருவத்தோடுதான் வரைந்தேன், விற்பனைக்கு அழகு குறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் வெள்ளைப் பாண்டத்தில் வெள்ளைப் பறவை எப்படித் தெரியும்? பறவையைத் தொடாமல் அதன் பின்னணியை நிறைக்க வேண்டும். இதற்குத் தாமித் தூரிகை என்று ஒன்று உண்டு. குண்டாக, நிறையத் தண்ணீர் பிடிக்கும். நீர்த்த கோசுவை அதில் ஏற்றி, கெண்டியைச் சாய்த்துப் பிடித்து, ஓட்டின்மேல் ஒரு சிறு குட்டையைத் தேக்கி, தூரிகை நுனியால் அந்தக் குட்டையை மட்டும் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். முடி ஓட்டில் அழுந்தினால் திட்டுத் திட்டாகிவிடும். மிஞ்சும் திரவத்தைத் தூரிகையைப் பிழிந்து உறிஞ்சிவிடலாம். கிளையில் ஒட்டி உட்கார்ந்த நான்கு எனகாக்களுக்கும் ரப்பர் பால் தடவிவிட்டு இதைச் செய்தேன். உரித்தபோது வெள்ளை உருண்டைகள் வெளியே வந்தன. வால், புருவம், சிறகில் லேசான இளஞ்சிவப்பு, முடிந்தது.

இந்தக் கட்டத்தில் எல்லாமே அழுக்காகத் தெரியும். கோசு கரிச்சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், நீலம் சூளைக்குள்தான் பிறக்கும். அடிவளையத்துக்கு மெழுகு தடவி, கிளேஸில் ஒரே முக்கு, இரண்டு மூன்று நொடிகள். கெண்டியை எடுத்ததும் வடிகட்டித் துளைகளை ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளேஸ் அவற்றை அடைத்துவிடும். மூடியை உடலின்மேல் வைத்தே சுடுவது வழக்கம், அப்போதுதான் இரண்டும் ஒன்றாக வளைந்து ஒன்றுக்கொன்று பொருந்தும். தொடுகிற இடத்தில் கிளேஸைத் துடைத்துவிட்டு அலுமினா தடவ வேண்டும், ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. மின்சூளை, 1230 டிகிரி. சென்செய் சூடு 100 டிகிரிக்குக் கீழே இறங்காமல் கதவில் கைவைக்க விடமாட்டார்.

வெளியே வந்தவற்றில் மெஜிரோவின் வளையம் கூர்மையாக நின்றிருக்கிறது. மீன்கொத்தியின் நீலம் நினைத்ததைவிட அமைதி, ஆற்றங்கரையில் பார்க்கிற மின்னல் இல்லை. அதற்குப் பொடியில் வழியும் இல்லை. ஷிஜூகராவின் கறுப்பு ஓரத்தில் மயிரிழை அளவுக்கு நீலம் கசிந்து வெள்ளைக் கன்னத்தில் ஏறியிருக்கிறது. கறுப்புப் பொடியில் இருக்கும் கோபால்ட் உருகிய கிளேஸில் பரவுவதால் வருவது அது. சென்செய் அதைத்தான் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். எனக்குக் குருவிதான். பொட்டு சரியான இடத்தில் இருக்கிறது, பாட்டியும் ஒரே பார்வையில் குருவி என்றுவிட்டார்.

கடைசி வேலை அடிவளையத்தை 400 நம்பர் உப்புத்தாளில் ஈரமாகத் தேய்ப்பது. கிளேஸ் இல்லாத அந்த விளிம்பு மேசையைக் கீறும். சாதாரண மண்பாண்டம் என்றால் முதலில் அரிசி கழுவிய தண்ணீரில் கொதிக்கவைத்துத் துளைகளை அடைப்பார்கள். அரைப் பீங்கானுக்கு அது தேவையில்லை. கெண்டியில் 70 டிகிரித் தண்ணீரில் செஞ்சா என்னும் பச்சைத் தேயிலை போட்டு ஊற்றிப் பார்த்தேன். வடிகட்டி வேலை செய்கிறது, மூடி ஆடவில்லை. ஊற்றி நிமிர்த்தும்போது மட்டும் மூக்கின் அடியில் ஒரு சொட்டு ஓடி எனகா கிளை வரை வருகிறது. மூக்கு நுனியின் அடி விளிம்பு உருண்டு இருப்பதால் அப்படி. அங்கே கூர்மையாக இருந்தால் சொட்டு அறுந்து விழும். சுட்ட பிறகு அதைச் சீவ முடியாது, அடுத்த கெண்டியில் களிமண் பதத்திலேயே கத்தியால் சீவிவிட வேண்டும். அதுவரை ஒரு சின்னத் துணியைக் கெண்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.